ஏழாம் நம்பர் ஜோடி

இது நடந்தது. 2023 மே 18, வியாழக்கிழமை. பகல் 11.05 மணியிலிருந்து 12.31 வரை. பேய் என்றால் ராத்திரிதான் என்று யாராவது சொன்னால், அவர்களை அக்னி நட்சத்திர உச்சிவெயிலில் ஒரு முந்திரிக்கொல்லைக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. என் பெயர் ரெங்கராஜ். இருபத்தாறு வருடம் டெலிபோன் லைன்மேன் வேலை பார்த்தவன். கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் ஏறாத போஸ்ட் கிடையாது. பேய், முனி என்று எவனாவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் இப்போது எந்த வீட்டிலும் போன் ரிசீவரைத் தொடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதை முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் என்னைத் திட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

நாலரை வருடம் எனக்குக் கோட்டைப்பட்டினம் பக்கம் வேலை. மே 15, திங்கட்கிழமைதான் மறுபடி கந்தர்வக்கோட்டைப் பக்கம் மாற்றினார்கள். எக்ஸ்சேஞ்சில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே ஒரு கம்ப்ளைன்ட். புளியடிவிடுதி, செங்கமலம் வீடு, டயல்டோன் இல்லை. குளத்துக்கரையில் நின்று பேசுவதாகச் சொல்லி, செல்லில் ஒரு அம்மாள் கத்திக்கொண்டிருந்தார். பதிவான நேரம் 12.10.

நான் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வெயில் ஒரு காரணம். இந்தக் காலத்தில் வீட்டுப் போனுக்காக யார் அழப்போகிறார்கள் என்கிற அலட்சியம் இன்னொரு காரணம். இன்னும் ஒன்றும் உண்டு. அந்த ஊரும் அந்த வீடும் எனக்கு முன்பே பழக்கம். கஜா புயலுக்குப் பிறகு அங்கே ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே திரும்பப் போக எனக்கு ஏனோ மனசு வரவில்லை.

வியாழக்கிழமை 11.05-க்கு வண்டியை நிறுத்தினேன். புயலில் பாதிக் கொல்லை போய், மிச்சம் இருந்த முந்திரி மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் தனி வீடு. செல்போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

வாசலுக்கு வந்தது செங்கமலத்தின் மருமகள் சரண்யா. வாயும் வயிறுமாக, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போன்காரரா?”

“ஆமா.”

“திங்கக்கெழம சொன்னது. இன்னிக்கு வியாழன்.”

“எங்களுக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சியாம்மா?”

அவள் முகம் கறுத்துவிட்டது. “எட்டு மாசம் முடியப்போவுதுண்ணே. எனக்கு அம்மா இல்ல, போயி இருக்க வேற வீடில்ல. அவுக சிங்கப்பூர்ல இருக்காக. அத்தை காலையில நூறுநாள் வேலைக்குப் போனா மூணு மணிக்குத்தான் வரும். இங்க செல்லு எடுக்காது. ஒண்ணு ஆச்சுன்னா நூத்தியெட்டக் கூப்புட இந்த போனு ஒண்ணுதான் இருக்கு. வெளங்குதா?”

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. போன் எங்கே என்று கேட்டேன்.

கூடத்துச் சுவரோரம் ஸ்டூலில் இருந்தது. சிவப்பு நிறப் பழைய போன். ரிசீவரை எடுத்ததும் கையில் ஒரு வித்தியாசம் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. காதில் ஒரு மணி நேரம் வைத்துப் பேசியவர்கள் கீழே வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. வாய்ப்பக்கம் லேசாக ஈரம்.

“இப்பத்தான் யாராவது பேசுனாங்களா?”

“டயலே இல்லங்கிறேன். திங்கக்கெழமையிலேருந்து அதத் தொடவே இல்ல.”

வெயில் காலம், சூடாகத்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

லைன்மேன்கள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. டயல்டோன் வராவிட்டால் ரிசீவரின் வாய்ப்பக்கத்தில் ஊதிப் பார்ப்போம். ஊதுகிற சத்தம் நம் காதிலேயே கேட்டால் லைனில் கரண்ட் இருக்கிறது, வயர் அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். கேட்காவிட்டால் எங்கேயோ அறுந்துவிட்டது. கரண்டும் இருந்து டயல்டோன் மட்டும் வராவிட்டால், பத்துக்கு ஒன்பது தடவை ஒரே காரணம்தான். அதே லைனில் இன்னொரு போனை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நான் நிறையப் பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

ஊதினேன். ஊஃப்...

காதில் கேட்டது. ஊஃப்...

ஒரு விநாடி கழித்து இன்னொரு தடவை கேட்டது. ஊஃப்...

எதிரொலி என்று நினைத்தேன்.

“இன்னொரு போன் எங்க இருக்கு? உள்ரூம்லயா?”

“இது ஒண்ணுதாண்ணே.”

“பழசு ஏதாவது பரண்ல கெடக்கும். எடுத்து வச்சிருப்பீங்க.”

“ஒண்ணுதான்னு சொல்றேன்ல!”

நம்பவில்லை. அவள் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல் மூன்று அறையையும் பார்த்தேன். பரணில் ஏறிப் பார்த்தேன். இன்னொரு போன் இல்லை.

11.20. சுவர்ப் பெட்டியைத் திறந்து போனையே கழற்றிவிட்டேன். இப்போது அந்த வயரில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. மீட்டர் வைத்தேன். சும்மா இருக்கிற லைனில் நாற்பத்தெட்டு வோல்ட் காட்ட வேண்டும். ரிசீவரை எடுத்தால் அது எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிடும். மீட்டரில் எட்டு காட்டியது. போனே இல்லாத லைனில் ரிசீவரை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள்.

கோபம்தான் வந்தது. வழியில் எவனோ கொக்கி போட்டுத் திருட்டுத்தனமாகப் பேசுகிறான் என்று நினைத்தேன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டிலிருந்து போஸ்ட் வரை இருநூறு அடி இருக்கும். நடுவில் கொக்கி எதுவும் இல்லை.

அந்த ஊருக்கான பெட்டி போஸ்டில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தரைக்கு அடியில் வரும் கேபிள் அங்கேதான் பிரியும். ஒரு வீட்டுக்கு இரண்டு கம்பி, அதை ஜோடி என்போம். போஸ்டுக்கு நேர் எதிரே ஒரு இடிந்த வீடு. முக்கால் சுவர் நின்றது. உத்திரம் குறுக்கே விழுந்து கிடந்தது. உள்ளே எருக்கு முளைத்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏணியைச் சாத்தினேன்.

11.38. பெட்டியைத் திறந்தேன். செங்கமலம் வீட்டு லைன் ஏழாம் நம்பர் ஜோடி. வீட்டுக்குப் போகிற வயரைக் கழற்றினேன். இப்போது எக்ஸ்சேஞ்சுக்கும் எனக்கும் நடுவில் கேபிள் மட்டும்தான்.

மீட்டரில் எட்டு.

சரி, கேபிளுக்குள் ஈரம் இறங்கியிருக்கும். டெஸ்ட் போனை வேறொரு நல்ல ஜோடியில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். ஆரோக்கியதாஸ் எடுத்தார். என்னைவிட மூத்தவர், நிதானமான மனுஷன்.

“அண்ணே, ஏழுல கேபிள் ஃபால்ட்டு. அங்கிட்டு கழட்டிட்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க.”

இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

“கேபிளு சுத்தமா இருக்கு ரெங்கு. ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எட்டு வோல்ட்டு காட்டுதுண்ணே.”

“லைன மாட்டுனாத்தான் எறங்குது. யாரோ ரிசீவரை எடுத்து வச்சிருக்காங்க. அங்க பாருய்யா.”

“இங்க நாந்தான் இருக்கேன். வயரையே கழட்டிட்டேன்.”

 அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒன்கூட யாரு?”

“யாருமில்ல.”

“நீ பேசுறப்ப பின்னால ஒரு பொம்பள மூச்சு வாங்குதே...”

திரும்பிப் பார்த்தேன். இடிந்த வீடு. எருக்கஞ்செடி. காற்றே இல்லை. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

“வெயில்ல ஒங்களுக்கு மண்டை காயுது,” என்று சொல்லிவிட்டு வைத்தேன். 

அப்போதுதான் ஏழாம் ஜோடியின் முறுக்கைப் பார்த்தேன். கம்பியை முறுக்கிக் கட்டுவதில் ஒவ்வொரு லைன்மேனுக்கும் ஒரு கை உண்டு. நான் இடப்பக்கமாக நாலு சுற்று சுற்றி நுனியை மடக்கிவிடுவேன். அது என் முறுக்கு. கட்டிய தேதியும் எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை.

கஜா வந்த மூன்றாம் நாள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, எந்தச் செல்லும் எடுக்கவில்லை. தரைக்கு அடியில் போன கேபிளில் சில ஜோடிகள் மட்டும் உயிரோடு இருந்தன. செங்கமலம் என்னைப் போஸ்டடியில் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூரில் மகன் விக்ரம் துடித்துக்கொண்டிருப்பான், ஒரு வார்த்தை பேசியாக வேண்டும் என்று அழுதார். அவர்கள் ஜோடி செத்துக் கிடந்தது. பெட்டியில் நல்ல ஜோடி ஏழு ஒன்றுதான். அது இருளாயி அக்காவின் லைன். போஸ்டுக்கு எதிரே இடிந்து கிடக்கிற அந்த வீடு.

இருளாயி அக்கா தனி ஆள். ஒரு காலத்தில் ஊர்ப் பொதுப் போன் அவர் வீட்டில்தான் இருந்தது. வெளிநாட்டுச் சேதி, கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி எல்லாம் அந்த ஊருக்கு அவர் வீட்டு வழியாகத்தான் வந்தன. பழுதென்றால் என்னைக் கூப்பிடுவார். ‘வா தம்பி’ என்று மோர் கொடுப்பார்.

“அங்க ஆளே இல்லங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போயிட்டாக. வீடே விழுந்துபோச்சு, அவளுக்கு எதுக்கு போனு?” என்றார் செங்கமலம். நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் வீட்டில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. நான் ஏழாம் ஜோடியை வெட்டி அவர்களுக்குக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் என்னைக் கடலோரம் அனுப்பிவிட்டார்கள். வீடு விழுந்து இருளாயி செத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். புயலடித்த ராத்திரியே போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

போஸ்ட் மேல் நின்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைத்தேன். மூன்றாம் நம்பர் ஜோடி காலியாக, நன்றாக இருந்தது. சரண்யா வீட்டு வயரை அதற்கு மாற்றினேன். நான் சொன்னதும் ஆரோக்கியதாஸும் எக்ஸ்சேஞ்சில் மாற்றினார். டெஸ்ட் போனை வைத்தேன். கணீரென்று டயல்டோன். நேரம் 11.58.

டெஸ்ட் போனைக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அது எந்தக் கம்பியிலும் இல்லை. வெறும் போன்.

மூன்றாவது படியில் கால் வைத்தபோது இடுப்பிலிருந்து சத்தம் வந்தது.

ஊஃப்...

மீதிப் படிகளை நான் இறங்கவில்லை. குதித்தேன்.

12.06-க்கு வீட்டுக்குள் நுழைந்தேன். சரண்யா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“வந்துருச்சாண்ணே?”

“வந்துருச்சும்மா.”

போனைத் திரும்ப மாட்டினேன். ரிசீவரை எடுத்து அவள் காதில் வைத்தேன். டயல்டோன் எனக்கே கேட்டது. அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “இனிமே பயமில்ல,” என்றாள்.

சிரித்தவள் சட்டென்று வயிற்றைப் பிடித்தாள்.

“அண்ணே... இடுப்பு வலிக்குதுண்ணே... காலையிலேருந்தே விட்டுவிட்டு...”

தரையில் தண்ணீர் பரவியது. கொஞ்சம் சிவப்பாக.

“நூத்தியெட்டக் கூப்புடுங்கண்ணே!”

ரிசீவரை என் காதில் வைத்தேன். டயல்டோன் இருந்தது. முதல் எண்ணை அழுத்தினேன்.

டயல்டோன் நின்றது.

எண் போன சத்தம் இல்லை. எதுவுமே இல்லை. சுவர்க் கடிகாரம் கண்ணெதிரே இருந்தது. 12.10.

ஊதக்கூடாது என்று நினைத்தேன். வாய் தானாக ஊதியது.

ஊஃப்...

திரும்பி வந்தது. ஊஃப்...

அப்புறம் இன்னொன்று... என் காதுக்கு உள்ளே... சூடாக.

வைத்துவிட்டு ஓடலாம் என்று கையை இறக்கினேன். கை இறங்கவில்லை. விரல்கள் ரிசீவரைச் சுற்றி இறுகிவிட்டன. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

“அண்ணே... சொல்லுங்கண்ணே...”

சரண்யா வலியில் புரண்டு நாலடி தள்ளிக் கிடந்தாள். போன் வயர் மூன்றடி.

காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

“தம்பி...”

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

“ஊதிப் பாத்துட்டேன் தம்பி... ஊதுனா கேக்குது... டயலுதான் வரல...”

“அக்கா... விடுக்கா...”

“நீதான சொல்லிக் குடுத்த... ஊதுனா கேக்குதா தம்பி... ஒனக்குக் கேக்குதா...”

சரண்யாவின் பாவாடையில் சிவப்பு அகலமாகிக்கொண்டிருந்தது.

12.16.

“அந்தப் புள்ள சாகுதுக்கா! அவ என்ன பண்ணுனா?”

சிரிப்புச் சத்தம். வறண்ட சிரிப்பு.

“நானும் ஒண்ணும் பண்ணல தம்பி.”

12.19. ரிசீவர் காதோடு நெரித்தது. எலும்பு நோக ஆரம்பித்தது.

12.22. சரண்யா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

இடுப்பில் கட்டிங் பிளேயர் இருந்தது. இடது கையால் உருவினேன். வயரை அதன் வாயில் வைத்தேன்.

“வெட்டு.”

கை நின்றுவிட்டது.

“வெட்டு தம்பி... ஒனக்கு வெட்டிப் பழக்கந்தானே...”

எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை.

வெட்டினேன்.

விரல்கள் திறந்தன. ரிசீவர் தரையில் விழுந்தது. அறுந்த வயரோடு... எதிலும் சேராமல்...

கிடந்தபடியே ஊதியது.

ஊஃப்... ஊஃப்... ஊஃப்...

வெளியே ஓடினேன். வண்டியைக் கிளப்பும்போது செல்லைப் பார்த்தேன். 12.31.

குளத்துக்கரை மேட்டில் சிக்னல் கிடைத்தது. 108-க்குச் சொன்னேன். வழியில் வந்த இரண்டு பெண்களைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பினேன். அவர்கள் உள்ளே போனார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். ஆம்புலன்ஸ் வந்தபோது மணி 1.05.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் மாலை 4.40-க்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து நல்லவேளை நீ இருந்தாய் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுகூட இருந்தது.

செங்கமலம் வந்தார். சட்டையைப் பிடித்தார்.

“நீயெல்லாம் மனுசனா? எம்மருமவ ரத்தத்துல கெடக்குறா, நீ அவளப் பாத்துக்கிட்டே போனுல சிரிச்சிச் சிரிச்சிப் பேசிக்கிட்டு நின்னியாமே!”

“நான் பேசலம்மா.”

“அவ சொல்றா. பொம்பளக் கொரல்ல பேசுனியாம். டயலு வரல, டயலு வரலன்னியாம். அவள வச்சி வெளாண்டியா?”

 அந்தக் குரல் ரிசீவரிலிருந்து வந்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். அது என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

“ஏழாம் நம்பர் ஜோடிம்மா,” என்றேன். “இருளாயி அக்கா லைனு. அத யாரோ எடுத்து வச்சிருக்காங்க.”

செங்கமலத்தின் கை என் சட்டையிலிருந்து நழுவியது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவ முகாமுக்குப் போகலய்யா. நாங்களும் போயிட்டான்னுதான் நெனச்சோம். சத்தியமா அப்புடித்தான் நெனச்சேன். உத்திரம் கால்ல விழுந்து உள்ளயே கெடந்திருக்கா. புதன்கெழம வாடை வந்துதான் தெரிஞ்சது. டாக்டரு வந்து பாத்தாரு. அவ செத்தது செவ்வாக்கெழமதானாம்.”

புயல் அடித்தது வெள்ளிக்கிழமை விடிகாலை. நான் லைனை வெட்டியது ஞாயிற்றுக்கிழமை.

“உத்திரத்துக்கு அடியில போனு, கத்திக் கத்திக் கொரலும் அடைச்சிருக்கும்; கைக்கு எட்டுனது ரிசீவரு மட்டுந்தான். காதோட ஒட்டி வச்சிருந்தா. அஞ்சு பேரு சேந்து வெரலப் பிரிச்சுப் பாத்தாக, முடியல. எங்க சனத்துல பொதைக்கிறதுதான். கடைசில அருவாளால வயர அறுத்துட்டு, ரிசீவரோட சேத்தே அவ கொல்லையிலயே பொதைச்சிட்டாக.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீதான வெட்டுன?”

“நீங்கதான ஆளில்லன்னு சொன்னீங்க?”

“நான் சொன்னா? நீ லைன்மேனு. ஆளிருக்கா இல்லையான்னு ஒனக்குத் தெரியாதா?”

நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாளே வேலையையும் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு வந்தார். ஏழாம் ஜோடியை எக்ஸ்சேஞ்சில் எதிலும் சேர்க்காமல் தனியாக விட்டிருக்கிறாராம். தினமும் பகல் 12.10-க்கு அதில் எட்டு வோல்ட் காட்டுகிறதாம். சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

கடைசிக்கு வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

செங்கமலம் கேட்டது நியாயமான கேள்வி. எந்த லைன்மேனும் ஜோடியை வெட்டுமுன் டெஸ்ட் போனை மாட்டிக் கேட்பான். யாராவது பேசிக்கொண்டிருந்தால் வெட்டக்கூடாது. அன்றைக்கு நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, உச்சிவெயில், மணி 12.10. கீழே செங்கமலம் சோறு ஆறுகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

கரண்ட் இருந்தது. டயல்டோன் இல்லை.

ஊதிப் பார்த்தேன்.

இரண்டு தடவை கேட்டது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன்.